வாங்கவா, விற்கவா? செல்போனில் சீனம் படிக்கும் கரக்பூர் வாலிபர்

(நமது கரக்பூர் நிருபர்)

தமிழில் ‘மா’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மாமரம் ஒன்று. அரிசி மா ஒன்று. வயலை அளக்கும் மா ஒன்று. பழைய இலக்கியத்தில் விலங்குக்கும் மா என்று பெயர். குதிரைக்கும் அதே பெயர்.

சீன மொழியிலும் ‘மா’ உண்டு. அங்கும் குதிரைக்கு ‘மா’ என்றே பெயர் என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அதே ‘மா’ அம்மாவையும் குறிக்கும். சணல் போன்ற நார்ச் செடியையும் குறிக்கும். ஒருவரைத் திட்டுவதையும் குறிக்கும். தமிழில் நாம் இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம். சீனர்களோ முதலில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கிறார்கள். குரல் தவறினால் அம்மா குதிரை ஆகிவிடுவாள்!

இந்தக் குரல் வித்தையைப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது. அதனால்தான் சீனம் கற்க வேண்டுமானால் சீன ஆசிரியரின் காலடியில் உட்கார வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இன்றோ பேசும் அகராதி, எழுதிக்காட்டும் படம், குரலைக் கோடாக வரைந்து காட்டும் கருவி எல்லாம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டன. இவற்றை வைத்து நம்மைப் போன்றவர்கள் சீனம் கற்க முடியுமா? எதுவரை முடியும்? எங்கே முட்டிக்கொண்டு நிற்கும்? நமக்குத் தெரிந்த ஒரு வாலிபரின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

லோக்கல் வண்டியில் பள்ளிக்கூடம்

கரக்பூர் ரயில்வே காலனியில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். சரக்கு ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒரே மகன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, கல்கத்தா பர்ரா பஜாரில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதுகிறார். கரக்பூரிலிருந்து ஹவுராவுக்கு 115 கிலோ மீட்டர். தினமும் லோக்கல் வண்டியில் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி.

ஒரு நாள் நண்பர் நம்மிடம் வந்து முறையிட்டார்.

“தம்பி, நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. இங்கிலீஷை நல்லாப் படிடான்னா, சீனம் படிக்கிறான். ராத்திரி பூரா போனை வச்சுக்கிட்டு ‘மா மா’ன்னு கத்துறான். பக்கத்து வீட்டு அம்மா, மாடு வாங்கியிருக்கீங்களான்னு கேக்குறாங்க.”

பையனிடம் கேட்டோம். அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது.

“அண்ணே, கடைக்கு வர்ற பெட்டி எல்லாம் சீன எழுத்து. உள்ளே இருக்கிற சீட்டும் அதேதான். முதலாளி யாரையாவது தேடிப் பிடிச்சுப் படிக்கச் சொல்றாரு. நாமே படிச்சா என்னன்னு தோணிச்சு. அதோட நம்ம ஊர்ப் பக்கம் தைவான் கம்பெனிங்க வந்திருக்கு. மொழி தெரிஞ்ச ஆளுக்கு அங்கே வேலை இருக்கும்ல?”

அவர் சொன்னது உண்மைதான். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டும் பாக்ஸ்கான், செய்யாறில் காலணி தைக்கும் பெங் டே ஆகியவை தைவான் நிறுவனங்கள். அங்கிருந்து வரும் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசுவது சீனம். அவர்களுக்கும் நம் ஊர்த் தொழிலாளர்களுக்கும் நடுவே நிற்க ஓர் ஆள் தேவைதானே.

சீனத்துக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் தந்தை கேட்டார். சம்பந்தம் புதிதல்ல. சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இலங்கைக் காலியில் 1911-ல் கிடைத்த கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் பக்கம் பக்கமாக உள்ளன. 1409-ம் ஆண்டு என்று அதில் பொறித்திருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல் அது. வியாபாரம் நடந்த இடத்தில் மொழியும் நடந்தது.

இசைத்தட்டிலிருந்து செல்போன் வரை

கருவி வைத்துச் சீனம் கற்பிப்பதும் நேற்று முளைத்ததல்ல. புகழ் பெற்ற சீன நாவலாசிரியர் லாவ் ஷ, 1924 முதல் 1929 வரை லண்டனில் சீன ஆசிரியராக இருந்தார். அப்போது லிங்குவாபோன் நிறுவனத்தின் சீனப் பாடத்துக்கு அவரே குரல் கொடுத்தார். சாவ் யுவான்ரென் என்ற மொழி அறிஞரும் அதே காலத்தில் இசைத்தட்டுப் பாடம் செய்தார். குரலின் உயரத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணால் குறிக்கும் முறையை 1930-ல் வகுத்தவர் அவரே.

இசைத்தட்டுக்குப் பின் ஒலிநாடா வந்தது. 1970-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற கம்ப்யூட்டரில் சீனப் பாடம் ஏறியது. 1997-ல் இணையத்தில் ஓர் இலவசச் சீன - ஆங்கில அகராதி தொடங்கியது. ஆர்வலர்கள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சேர்த்து அது ஒரு லட்சத்து 20 ஆயிரம் சொற்களைத் தாண்டிவிட்டது. இன்று செல்போனில் உள்ள பல சீன அகராதிகளுக்கு அதுவே அடித்தளம். 2005-ல் ஷாங்காயிலிருந்து, காதால் கேட்டுப் படிக்கும் ‘சைனீஸ்பாட்’ பாடங்கள் வந்தன. 2017-ல் டுவோலிங்கோ சீனத்தைச் சேர்த்துக்கொண்டது. பீக்கிங் பல்கலைக்கழகமே ஆரம்பப் பாடத்தை இணையத்தில் வைத்தது.

பையன் இவற்றில் இரண்டு மூன்றைப் பிடித்துக்கொண்டார். போகும்போது காதுக்குப் பாடம். வரும்போது கைக்குப் பாடம். வண்டியில் உட்கார இடம் கிடைக்காத நாளில் காதோடு சரி.

நான்கு தொனிகள்

சீனத்தின் பொது மொழியில் தொனிகள் நான்கு. ரயில்வேக்காரர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், முதல் தொனி என்ஜின் ஊதல் மாதிரி. உயரத்தில் தொடங்கி ஒரே சுருதியில் நீளும். இரண்டாவது, “அப்படியா?” என்று நாம் கேட்கும்போது குரல் ஏறுவது மாதிரி. மூன்றாவது, கீழே இறங்கித் தாழ்ந்து நிற்பது. நான்காவது, “போ!” என்று அதட்டுவது மாதிரி மேலிருந்து கீழே விழுவது.

மூன்றாவது தொனியில் ஒரு சூட்சுமம் உண்டு. அது இறங்கி மறுபடி ஏறும் என்று பாடத்தில் படம் போட்டிருப்பார்கள். ஆனால் ஓடுகிற பேச்சில் பெரும்பாலும் தாழ்ந்தே நின்றுவிடும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறிவிடும். வணக்கம் சொல்லும் ‘நீ ஹாவ்’ அப்படிப்பட்டது. இதில் ‘நீ’ என்பதற்குத் தமிழில் என்ன பொருளோ, சீனத்திலும் அதே பொருள். இது தற்செயல், உறவு அல்ல. இருந்தாலும் முதல் பாடத்திலேயே ஒரு சொல் இனாமாகக் கிடைத்துவிடுகிறது!

நமக்கு வேறு லாபமும் உண்டு. ஆங்கிலேயர்கள் திணறும் சீன ஒலி ஒன்று ஏறக்குறைய நம்முடைய ழகரம். மனிதனுக்குச் சீனத்தில் ‘ழென்’ என்று பெயர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது அதற்கு ‘ஆர்’ போடுகிறார்கள். அதைப் பார்த்து ‘ரென்’ என்று படித்தால் தவறு. நாக்கை மடித்து ழகரம் சொல்லத் தெரிந்தவனுக்கு இது கைவந்த கலை.

நஷ்டமும் உண்டு. சீனத்தில் ப, த, க ஒவ்வொன்றும் இரண்டு வகை. ஒன்று நம் ‘பல்’லில் வரும் சாதாரணப் பகரம். மற்றொன்று மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் பகரம். முதல் வகைக்கு ஆங்கில எழுத்தில் ‘பி’ என்ற மெல்லெழுத்தைப் போடுவதால் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்களுக்கு மூச்சொலி பழக்கம். நமக்குத்தான் பயிற்சி வேண்டும். வாய்க்கு நேரே ஒரு துண்டுக் காகிதம் பிடித்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும். மூச்சொலிக்குக் காகிதம் ஆட வேண்டும். சாதாரண ஒலிக்கு ஆடக் கூடாது.

எழுத்து எழுதும் விரல்

அடுத்தது எழுத்து. நமக்கு 247 எழுத்து. சீனத்தில் செய்தித்தாள் படிக்கவே ஏறத்தாழ 3,000 எழுத்துகள் தெரிய வேண்டும். கேட்டால் தலை சுற்றும். ஆனால் 3,000-மும் தனித்தனிப் படங்கள் அல்ல. சிறு சிறு உறுப்புகள் சேர்ந்தே எழுத்து பிறக்கிறது. மரத்துக்கு ஓர் எழுத்து. இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு. மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ‘ஓய்வு’. அம்மாவுக்கான ‘மா’வைப் பாருங்கள். இடது பக்கம் பெண் என்ற உறுப்பு. வலது பக்கம் குதிரை. பெண் பொருளைச் சொல்கிறது. குதிரை சத்தத்தை மட்டும் சொல்கிறது. பெரும்பாலான சீன எழுத்துகள் இப்படி ஒரு பக்கம் பொருளும் ஒரு பக்கம் ஒலியுமாகக் கட்டப்பட்டவை. இது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எந்தக் கோட்டை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. புத்தகத்தில் இதை எண் போட்டுக் காட்டுவார்கள். செல்போனில் கோடு தானே ஓடி எழுதிக்காட்டும். பிறகு நம் விரலால் எழுதச் சொல்லும். வரிசை தவறினால் அந்தக் கோடு திரையில் நிற்காது. 9,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளின் கோட்டு வரிசையை இலவசமாகத் தரும் தொகுப்பும் இணையத்தில் உண்டு.

தட்டச்சு செய்வது இன்னும் சுலபம். 1958-ல் சீன அரசு ‘பின்யின்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை அது. அதை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் சோவ் யோகுவாங். முன்பு வங்கியில் வேலை பார்த்த பொருளாதார நிபுணர். 111 வயது வாழ்ந்து 2017-ல் மறைந்தார். இன்று ஒலியைத் தட்டினால், பொருந்தும் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும்.

இதில் ஓர் ஆபத்து. தொட்டுத் தொட்டுப் பழகினால் கை எழுத மறந்துவிடும். சீனர்களே பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று குறைப்படுகிறார்கள். ஆகவே பையன் ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார். இரவு படுக்கும் முன் பத்து எழுத்து, ஒவ்வொன்றும் பத்து முறை.

எந்த எழுத்தைப் படிப்பது?

வேலைக்காகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சீன எழுத்தில் இரண்டு வகை உண்டு. 1956 முதல் சீன அரசு எழுத்துகளைச் சுருக்கியது. தைவான் பழைய முழு எழுத்தையே வைத்துக்கொண்டது. உதாரணமாக, குதிரை என்ற எழுத்தைப் பழைய முறையில் எழுதப் பத்துக் கோடு. சுருக்கிய முறையில் மூன்றே கோடு.

பர்ரா பஜார் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் சுருக்கெழுத்து. தைவான் கம்பெனியில் வருவது முழு எழுத்து. பேச்சு இரண்டுக்கும் பொது. சில சொற்களும் உச்சரிப்பும் மாறும், அவ்வளவே. தேர்வும் இரண்டு. சீனா நடத்துவது எச்.எஸ்.கே.; தைவான் நடத்துவது டோக்பல். எச்.எஸ்.கே. 2010-ல் ஆறு நிலைகளாக வந்தபோது முதல் நிலைக்கு 150 சொற்களும் ஆறாம் நிலைக்கு 5,000 சொற்களும் போதுமாக இருந்தன. 2021-ல் வகுத்த ஒன்பது நிலைத் திட்டத்தில் மொத்தம் 11,092 சொற்கள். முதலில் ஒரு வகையை எடுத்து ஊன்றிப் படித்துவிட்டு மற்றதற்குப் போவதே நல்லது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஒன்றும் நிற்காது.

“முப்பது நாளில் சீனம், வேலை உத்தரவாதம்” என்று செல்போனில் விளம்பரம் வரும். பணம் கட்டிவிடாதீர்கள். அமெரிக்க வெளிநாட்டு இலாகா தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க வகுத்திருக்கும் காலம் 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி என்று நாம் கணக்குப் போட்டால் ஆறு வருஷம். எளிய பேச்சுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் முப்பது நாள் கணக்கு எந்தப் பேரேட்டிலும் நேராகாது.

டாங்ரா கடையில் நடந்தது

எட்டு மாதம் இப்படிப் படித்தார் பையன். செல்போனிடம் சீனத்தில் பேசினால் அது அவர் பேச்சைச் சரியாக எழுதிக் காட்டியது. பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க். தைரியம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மையும் அழைத்துக்கொண்டு கல்கத்தா டாங்ராவுக்குப் போனார்.

டாங்ராவும் டிரெட்டி பஜாரும் கல்கத்தாவின் சீனர் வசிக்கும் பகுதிகள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆச்சியூ என்ற சீனர் ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்ததிலிருந்து இங்கே அவர்கள் வரலாறு தொடங்குகிறது. அந்த ஊர் அவர் பெயராலேயே ஆச்சிப்பூர் ஆயிற்று. டாங்ராவில் தோல் பதனிட்டவர்கள் பெரும்பாலும் ஹக்கா இனத்தவர்.

ஒரு சிறிய கடை. பாட்டில் பாட்டிலாகச் சாஸ், நூடுல்ஸ் கட்டு. எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். பையன் வணங்கிவிட்டு, எட்டு மாதம் மனப்பாடம் செய்ததைச் சொன்னார்: “வோ யாவ் மை ஜியாங்யோ.” எனக்குச் சோயா சாஸ் வாங்க வேண்டும் என்று பொருள்.

மூதாட்டி சிரித்துவிட்டார். இந்தியில் திருப்பிக் கேட்டார்: “விற்க வந்தாயா, பேட்டா? கடை என்னுடையது ஆயிற்றே!”

விஷயம் இதுதான். சீனத்தில் வாங்குவதற்கும் ‘மை’, விற்பதற்கும் ‘மை’. மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது. நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. பையன் பதற்றத்தில் குரலை மேலிருந்து கீழே போட்டுவிட்டார்.

“போன் எப்பவும் சரின்னுதானே காட்டிச்சு, அண்ணே?” என்று அவர் முகம் வாடிப்போயிற்று.

செல்போன் ஏன் சரி என்று காட்டியது? அது வாக்கியம் முழுவதையும் கேட்டு, எது பொருந்தும் என்று ஊகித்து எழுதுகிறது. சாஸ் என்ற சொல் வந்ததும் வாங்குவது என்று தானே முடிவு செய்துவிடும். நம் பிழையை அது பெருந்தன்மையோடு மூடி மறைத்துவிடுகிறது. பிழையை மறைக்கிறவன் நல்ல நண்பனாக இருக்கலாம். நல்ல ஆசிரியன் ஆகமாட்டான். மூதாட்டி ஒரு சிரிப்பில் கற்பித்ததை எட்டு மாதத்துச் செல்போன் கற்பிக்கவில்லை.

ஆனால் பிழை தெரிந்த பிறகு அதைத் திருத்த உதவியதும் கருவிதான். ‘பிராட்’ என்று ஓர் இலவசக் கம்ப்யூட்டர் செயலி உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக அறிஞர்கள் இருவர் உருவாக்கியது. பேசினால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். சீனப் பெண் ஒருவர் சொன்ன ‘மை’யின் கோட்டையும் தன் ‘மை’யின் கோட்டையும் பையன் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தார். தன் கோடு எங்கே விழுகிறது என்று கண்ணால் கண்டார். ஒரு வாரம் அதே வேலை. அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னபோது மூதாட்டி ஒன்றும் பேசாமல் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

பேத்தி டொரண்டோவில்

அதன் பிறகு ஞாயிறுதோறும் போக்குவரத்து ஆகிவிட்டது. மூதாட்டி சிறுவயதில் சீனப் பள்ளியில் படித்தவர். ஆகையால் பொது மொழியான சீனம் அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டு மொழி ஹக்கா. ‘நான்’ என்பதற்குப் பொதுச் சீனத்தில் ‘வோ’, ஹக்காவில் ‘ஙாய்’. ‘சோறு சாப்பிடு’ என்பது அங்கே ‘ச்சர் ஃபான்’. இங்கே ‘சித் ஃபான்’. எழுதினால் புரியும், பேசினால் புரியாது.

கல்கத்தாவில் சீனம் குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1962 போரின்போது சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அசாமிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிப் பல நாள் பயணத்தில் கொண்டுபோனார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இதைக் கேட்க மனம் கனக்கிறது. அதன் பிறகு பலர் நாட்டை விட்டே போனார்கள். 1996-ல் தோல் பதனிடும் ஆலைகளை டாங்ராவிலிருந்து மாற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். 1969-ல் தொடங்கிய இங்குள்ள கடைசிச் சீன நாளிதழும் 2020-ல் நின்றுபோயிற்று.

மூதாட்டியின் பேத்தி டொரண்டோவில் இருக்கிறாள். அவளும் செல்போனில்தான் சீனம் படிக்கிறாளாம். “அவளும் உன்னைப் போலத்தான் பேசுகிறாள், பேட்டா. பள்ளிக்கூடச் சீனம். என் பேச்சு அவளுக்குப் புரிவதில்லை. என் பேச்சுக்குப் போனில் பாடம் கிடையாது” என்றார் மூதாட்டி.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வண்டியில் தேட ஆரம்பித்தார். தைவானில் ஹக்காக்கள் நிறைய உண்டு. 2001-ல் அவர்களுக்கென்றே அந்த அரசு தனி இலாகா அமைத்தது. 2003-ல் ஹக்கா தொலைக்காட்சி வந்தது. ஒலியோடு கூடிய ஹக்கா அகராதியை அங்குள்ள கல்வி அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஒரு வகைப் பேச்சு டாங்ரா ஹக்காவுக்கு நெருக்கமானது.

அடுத்த ஞாயிறு அந்த அகராதியைத் திறந்து, மூதாட்டியின் காதருகே வைத்தார் பையன். சோறு, தண்ணீர், வீடு, அம்மா என்று செல்போன் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லியது. மூதாட்டி முதலில் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு சொல்லுக்கு, “இல்லை, என் அம்மா இப்படிச் சொல்லமாட்டாள்” என்று திருத்தினார். அடுத்த சொல்லுக்குத் தலையை ஆட்டினார். அரை மணி நேரம் கடைக்கு வந்தவர்களைக்கூட அவர் கவனிக்கவில்லை. அன்றிரவே அந்த அகராதியின் முகவரி டொரண்டோவுக்குப் போயிற்று.

பண்பாடும் திரையில்

மொழியோடு பண்பாடும் திரைக்கு வந்துவிட்டது. பெய்ஜிங் அரண்மனைக் காட்சியகத்தில் ஐந்து மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள சோங் காலத்துப் படச்சுருள் உண்டு. ஆற்றங்கரை நகரம் ஒன்றின் நடமாட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. பாலத்தில் இடித்துவிடாமல் பாய்மரத்தைச் சாய்க்கப் படகோட்டிகள் படும் பாடு, கடைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் உண்டு. அதைச் செல்போனில் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம். நம் புத்த சமயம் சீனம் போன வழியில் உள்ள துன்ஹுவாங் குகைகளில் முப்பதை 2016-ல் இணையத்தில் திறந்துவிட்டார்கள். உள்ளே நடப்பது போலவே சுற்றிப் பார்க்கலாம்.

பெரிய இடங்களுக்குப் போக முடிந்தவர்களுக்கு நம் வங்காளத்திலேயே வாசல் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகம் 1918-லேயே சீனம் கற்பிக்கத் தொடங்கியது. தாகூரும் தான் யுன்ஷான் என்ற சீன அறிஞரும் சேர்ந்து 1937-ல் சாந்திநிகேதனில் சீன பவனம் கண்டார்கள். போல்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அரசியல் குறுக்கே வந்ததும் உண்டு. 2020 ஜூன் 29-ந் தேதி 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. சீன ஆசிரியர்களோடும் நண்பர்களோடும் ‘வீசாட்’ மூலம் பேசிப் பழகிய மாணவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையில், முன் வரைவில் இருந்த சீன மொழியின் பெயர் காணப்படவில்லை. பிறகு காற்று மாறியது. 2025 அக்டோபர் 26-ந் தேதி கல்கத்தாவிலிருந்து குவாங்சௌவுக்கு நேரடி விமானம் மறுபடி கிளம்பியது. எல்லையில் என்ன நடந்தாலும், அண்டை நாட்டான் மொழி தெரிந்த ஆள் இரு நாட்டுக்கும் தேவைப்படுவான்.

நமக்கும் ஒரு பாடம்

பையனுக்கு இன்னும் தமிழ்நாட்டு வேலை கிடைக்கவில்லை. ஆனால் பர்ரா பஜார் கடையில் பெட்டிச் சீட்டுகளை அவரே படிக்கிறார். முதலாளி சம்பளத்தில் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். தந்தை இப்போது திட்டுவதில்லை. “தம்பி, அந்த ஆயா இவனுக்குப் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்காங்க” என்று நம்மிடம் பெருமையாகச் சொன்னார்.

பையனோ வேறொன்றைச் சொன்னார். அது நம் மனத்தைத் தைத்தது.

“அண்ணே, அந்தப் பாட்டி பேத்தியை நினைச்சு அழுவுறாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்குச் சீன எழுத்து ஐந்நூறு தெரியுது. தமிழ் எழுத்து சரியா எழுத வராது. ஊர்ல இருக்கிற அப்பத்தாவுக்கு இதுவரைக்கும் நான் ஒரு வரி எழுதினது கிடையாது.”

கரக்பூரிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்! வீட்டில் தமிழ் பேசுவார்கள். பஸ் போர்டைக்கூட வாசிக்க வராது. கோட்டை ஓட்டிக் காட்டும் அதே செல்போன் நம் ககர ஙகரத்தையும் ஓட்டிக் காட்டும். சீனத்துக்கு இருக்கும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. 3,000 வேண்டாம், 247 போதும். அதிலும் சேர்க்கை எழுத்துப் போக, முதலெழுத்து முப்பதுதான்.

ஆனால் டாங்ராவில் கண்டதை மறக்க வேண்டாம். போன் சரி என்று சொல்லும். பிழையைச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

இப்போது பையனின் நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் சீனம், வலது பக்கம் தமிழ். அப்பத்தாவுக்கு முதல் கடிதம் போய்விட்டது. ‘நலம்’ என்பதில் லகரத்துக்கு ளகரம் போட்டிருந்தாராம். அப்பத்தா அதை யாரிடமும் காட்டாமல், திருத்தி எழுதிப் பதில் போட்டிருக்கிறார்.